விக்கிரவாண்டி ஷெட்டும் என் உண்ணிக் காய்ச்சலும்

எனக்கு வந்த காய்ச்சலின் பெயரைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, வீட்டில் நாய் வளர்க்கிறீர்களா என்றுதான். எங்கள் வீட்டில் நாயும் இல்லை, மாடும் இல்லை. உண்ணிக் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும் நாயின் காதில் தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கும் நாய்கிட்ட ஜாக்கிரதையா இரும்மா" என்று சொல்லிப் போவார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இப்போது உடம்பு தேறிவிட்டது. தலை வாரினால் சீப்பில் முடி கொத்தாக வருகிறது. அதுவும் நின்றுவிடும் என்கிறார்கள். மகள் இனியா மத்தியானம் தூங்கும் நேரத்தில்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் எது நடந்தது, எது காய்ச்சல் எனக்குக் காட்டியது என்று சில இடங்களில் எனக்கே தெளிவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

நாங்கள் திண்டிவனத்தில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் சகாயராஜ் விழுப்புரத்தில் ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர். தினமும் நெடுஞ்சாலையில் பைக்கில் போய்த் திரும்புவார். நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்து, ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இனியா பிறந்ததும் நின்றுவிட்டேன். காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அவர் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்திருந்தார். விக்கிரவாண்டியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஷெட் வாடகைக்கு வந்தது. அதில் சொந்தமாக பைக் சர்வீஸ் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேனேஜர் நல்ல மனிதர். மாதக் கடைசிக்குள் மனது மாறினால் நேரில் வந்து கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"நீ சரின்னு சொன்னாத்தான் கடை. வேணாம்னு சொல்லு, நாளைக்கே போய் லெட்டரை வாங்கிக்கினு வந்துடறேன்" என்றார் என்னிடம்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு எதையும் முடிவு செய்யத் தெரியாது. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாமோ என்று யோசிக்கிறவள் நான். கடை என்றால் ஒரு குடும்பமே ஏறி உட்காருகிற வண்டி. அதற்கு எப்படி ஒரே வார்த்தையில் பதில் சொல்வது?

ஒருநாள் சாப்பிடும்போது அவர் ஆரம்பித்தார்.

"பிசினஸும் பைக்கு ஓட்டற மாதிரிதான். பழகிட்டா பயம் போயிடும்."

"விழுந்தா?"

"எழுந்து தூசு தட்டிக்கினு போவணும்."

"நீங்க தட்டிக்கினு போயிடுவீங்க. பின்னால உக்காந்துக்கினு இருக்கிறவங்க?"

அவருடைய அக்கா பிலோமினா அண்ணி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அன்று மாவு வாங்கிப்போக வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சதே பெரிய ரிஸ்க்குடா. அதையே தாங்கிட்டோம்."

அவர் அக்காவைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "சம்பளம்தான் பாதுகாப்புன்றியே ரீட்டா, அந்தச் சம்பளத்தை வாங்கத் தெனமும் எதுல போறேன்? லாரிக்கும் லாரிக்கும் நடுவுல இந்த பைக்குலதானே? விக்கிரவாண்டியில கடை வச்சா பாதி ரோடுதான். கணக்கு டீச்சர், நீயே போட்டுப் பாரு."

"நான் கெமிஸ்ட்ரி."

"அப்ப கலக்கிப் பாரு."

அண்ணி மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரிதானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவர் தினமும் பைக்கில் போவதை நான் எப்படி ஏற்றுக்கொண்டேன்? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அதனால் அந்தச் சாலையின் ஆபத்து எனக்கு ஆபத்தாகத் தெரியவில்லை. கடைக்கு அப்படி எந்தத் தேதியும் கிடையாது. அதனால் அது மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. ஆனால் அப்படி நினைத்த மறுநிமிடமே, இரண்டு ஆபத்தும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்ததும், மூவரும் பைக்கில் ஷெட்டைப் பார்க்கப் போனோம். மழைக்காலம் முடிகிற சமயம். ஷெட்டைச் சுற்றிப் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. அவர் அரிவாளால் புல்லை அறுத்துக்கொண்டே போனார். நான் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு, அறுத்த புல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். துருப்பிடித்த தகரத்தில் வெயில் பட்டு, பைபாஸில் போகும் ஒவ்வொரு லாரிக்கும் அந்தத் தகரம் லேசாக அதிர்ந்தது. "இங்க ரேம்ப். இங்க ஏர் கம்ப்ரஸர். இங்க உனக்கு ஒரு டேபிள்" என்று வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய மேசை எனக்கும் ஒரு கணம் தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். இனியாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் என் கையில் ஊசியாகக் குத்தியது. கண்ணின் பின்பக்கம் வலித்தது. மாத்திரை போட்டால் இறங்கி, மாத்திரையின் வேலை முடிந்ததும் முன்பைவிட அதிகமாக ஏறியது. திண்டிவனத்திலேயே ஒரு சிறிய மருத்துவமனையில் காட்டினோம். டெங்குவுக்குப் பார்த்தார்கள், இல்லை. டைபாய்டுக்குப் பார்த்தார்கள், இல்லை. இல்லை என்று வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் பணம் கட்டிவிட்டு, சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அந்த நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அங்கே டாக்டர் என்னைக் கேட்டார், உடம்பில் எங்காவது கடித்த தடம், புண் ஏதாவது உண்டா என்று. பக்கத்தில் கணவர் நின்றார். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் ஆட்கள். "இல்லீங்க சார்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு புண் இருந்தது. புடவை கட்டுகிற பெண்களுக்கு அந்த இடத்தில் கறுத்துத் தடிப்பதும், உரசிப் புண்ணாவதும் புதிதல்ல. யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. தேங்காய் எண்ணெய் வைப்போம், முடிச்சைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுவோம், அவ்வளவுதான். டாக்டர் கேட்டபோது அந்தப் புண் என் நினைவுக்கே வரவில்லையா, அல்லது வந்தும் ஒரு ஆண் டாக்டரிடம் அந்த இடத்தைச் சொல்லக் கூசினேனா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து குளியலறைவரை நடப்பது மலையேறுவதுபோல் ஆனது. விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறிய கருவி அது. அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிடுங்க" என்றார். இனியாவை அண்ணி தூக்கிக்கொண்டார். அம்மாவிடம் வர வேண்டும் என்று அவள் அழவில்லை. அண்ணியின் காதில் ஆடிய ஜிமிக்கியைப் பிடிப்பதிலேயே மும்முரமாக இருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆம்புலன்சில் போனது ஒரு கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். ஜன்னலின் மேல்பாதியில் மட்டும் வெளி தெரிந்தது. புளியமரத்தின் உச்சிகள், மின்கம்பி, ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து. எல்லாம் பின்னோக்கி நீந்திப் போயின. கட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போகிற பைக் என்று நினைத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் உட்காருகிறவளுக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவரின் சட்டைதான் தெரியும். அந்தச் சட்டையின் கோடுகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை முறை போயிருக்கிறேன். இப்போது முன்னால் பார்த்தேன், சட்டை இல்லை. ஓட்டுகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் வண்டி போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். எங்கோ ஒரு தகரம் அதிர்கிற சத்தம் கேட்டது. விக்கிரவாண்டி தாண்டுகிறோம் என்று நினைத்தேன். அது நிஜமாகவே விக்கிரவாண்டிதானா என்று தெரியாது.

விழுப்புரத்துக்கு அருகில் இருந்த பெரிய அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். வார்டு நீளமானது. ஒருபக்கம் முழுக்க ஜன்னல்கள். காலை வெயில் ஒவ்வொரு கட்டிலாக நகர்ந்து வரும். என் கட்டிலுக்கு வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன், இமைக்குள் சிவப்பாக ஒரு குளம் தெரியும்.

அங்கே பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்க வேண்டும். வந்ததும் திரையை இழுத்து மூடினார். கணவரை வெளியே போகச் சொன்னார். காதின் பின்னால், அக்குளில், மார்பின் கீழே என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்து, "நாடாவைத் தளத்துங்க" என்றார்.

"அது நாடா உரசின புண்ணுங்க மேடம்."

"இந்த வார்டுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். ஊதுபத்தியால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவந்த வட்டம். வலியே இல்லாதது. பூச்சி கடித்த இடத்தில் தோல் செத்துப்போய் இப்படிப் பொருக்கு கட்டுமாம். அதைப் பார்த்துவிட்டாலே பாதி நோய் தெரிந்த மாதிரி என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அப்போதே மருந்தைத் தொடங்கினார்கள்.

அவர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கும். குழாயிலிருந்து நீர் கசியும். நுரையீரலில் கசிந்ததால் எனக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. கல்லீரலும் கொஞ்சம் வீங்கியிருந்தது. சரியான மருந்து போனால் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கும், போகாவிட்டால் ஒவ்வொரு உறுப்பாகத் தொடும். "லேட்டா வந்திருக்கீங்க. ரொம்ப லேட் இல்ல" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் ஜெபம்போல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அஞ்சலை என்கிற அம்மா. மேல்சித்தாமூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். அவருக்கும் இதே காய்ச்சல்.

"எனுக்கு மல்லாட்டை புடுங்கச் சொல்லக் கடிச்சிருக்கும். நீ எந்தக் காட்டுல புடுங்கின?" என்றார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

"நான் புடுங்கலீங்கம்மா. வீட்டுலதான் இருக்கிறேன். டீச்சருக்குப் படிச்சிருக்கேன்."

"அடக் கடவுளே. படிச்சவங்களைக்கூடவா கடிக்கும்!" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

டாக்டர் கணவரை அழைத்துப் பேசியபோது நான் மாஸ்க்கோடு படுத்திருந்தேன். புல், புதர் பக்கம் போனீர்களா என்று கேட்டார். அவர் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. "போனோம் மேடம். ஷெட்டு கிளீன் பண்ண. நான்தான் புல்லு மேல உக்கார வச்சேன்" என்றார். டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது. எங்கள் குடும்பம் முழுவதும் அன்று சாயங்காலத்துக்குள், ரீட்டாவை விக்கிரவாண்டி ஷெட்டுதான் படுக்க வைத்தது என்று முடிவு கட்டியது.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ரீட்டா. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ எழுந்து வந்தா போதும்." பிறகு வராந்தாவுக்குப் போய் மேனேஜரிடம் போனில் பேசினார். கதவு வழியாகக் கேட்டது. "ஆமா சார். மாசக் கடைசிக்குள்ள வந்து வாங்கிக்கிறேன் சார்."

கண்ணை மூடியபடி நான் அதைக் கேட்டேன். மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அது மருந்தினால் அல்ல என்று எனக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டிய பதிலை ஒரு பூச்சி சொல்லிவிட்டது. என்மேல் பழி இல்லாமல் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய அந்த மத்தியானங்களை எப்படிச் சொல்வது! உடம்பு ஈரத்துணி மாதிரி கிடக்கும். மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்குள் சாலையின் சத்தம் கேட்கும். சாலையும் விசிறியும் ஒன்றாகி, நான் எங்கோ போய்க்கொண்டே இருப்பேன். அந்தப் பயணத்தில் யோசித்ததெல்லாம் வெளியே இருந்தால் யோசித்திருக்க மாட்டேன். பைக்கும் கடையும் ஒன்று என்றாரே, அது சரியில்லை என்று தோன்றியது. பைக்கில் பயம் வந்தால் ஓரம் கட்டிக் காலை ஊன்றிக்கொள்ளலாம். கடையை நடுவழியில் காலூன்றி நிறுத்த முடியாது. பைக்கில் விழுவது ஒரு நொடி. கடை விழுவது காய்ச்சல் மாதிரி, முதலில் அசதி, பிறகு நடுக்கம், கடைசியில்தான் படுக்கை. அப்படியானால் கடைதான் பெரிய ஆபத்து என்று முடிவுக்கு வருவேன். உடனே இன்னொன்று தோன்றும். காய்ச்சலுக்காவது மருந்து கொடுக்க நேரம் இருக்கிறது, லாரிச் சக்கரத்துக்கு ஏது நேரம்? இப்படி ஒன்றைச் சொல்லி ஒன்றை அழித்து, நடுவில் தூங்கிப்போவேன்.

அண்ணி தினமும் வந்தார். கேப்பைக் கஞ்சியைத் தூக்கில் கொண்டுவந்து, ஆற்றி, கரண்டியால் ஊட்டினார். "உங்க தம்பிக்கு ஒருவாய் குடுங்க அண்ணி" என்றால், "அவனா? அவன் அழுது அழுது வயிறு ரொம்பியிருக்கான்" என்பார். இனியாவின் ரிப்பன், அவள் கிறுக்கிய தாள், ஒருமுறை அவள் பாதி கடித்த பிஸ்கட் என்று ஏதாவது ஒன்றை எனக்காக முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். இனியாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள், "தொட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். சில்லுனு இருக்கா" என்பார்.

மாறிப்போனவர் என் கணவர்தான். பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். ஏன் என்று கேட்டால், "ரோடு சரியில்ல" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பஸ் கூட்டத்தில் கசங்கி, வியர்த்து, பார்வை நேரம் முடியப்போகும்போது வந்து சேருவார். பிஸ்கட் கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்பார், கொஞ்சநேரம் கழித்து மறுபடி கேட்பார். வீட்டைப் பூட்டினேனா என்று அண்ணிக்குப் போன் செய்வார். குடிக்கிற தண்ணீர் பாட்டிலின் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று தெரிந்தது. அந்த ஆள் யார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அது நான். என் பயத்தை எடுத்து அவர் போட்டுக்கொண்டிருந்தார், அது அவருக்கு அளவாக இல்லை.

எங்கள் வீட்டில் பயப்பட ஒருவர் போதும். இரண்டு பேரும் பயந்தால் கதவைத் திறப்பது யார்?

வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது டாக்டர் கட்டில் பக்கம் வந்து ஜாக்கிரதை சொன்னார். புல்லில் வெறும் உடம்போடு உட்காரக் கூடாது, வெளியே போய்வந்தால் துணி மாற்றிக் குளிக்க வேண்டும். "துணியைச் செடி மேல காயப்போடுவீங்களா?" என்றும் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் வீட்டு முன்பக்கம் கொடி இருக்கிறது. அதில் சட்டை, துண்டு, இனியாவின் கவுன், என் புடவை எல்லாம் காயும். பாவாடையை மட்டும் அங்கே போடமாட்டேன். தெருவில் போகிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று சிறுவயதிலிருந்து சொல்லி வளர்த்தது. பின்பக்கம் சுவர் ஓரம் புதராக வளர்ந்திருக்கும் உண்ணிச்செடியின் மேல்தான் விரித்துப்போடுவேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒழுங்கான பெண் செய்கிற காரியம் என்று நினைத்து, நாடாவோடு சேர்த்து அந்தச் செடிமேல் ஒவ்வொரு நாளும் விரித்திருக்கிறேன்.

"மேடம், கடிச்சி எவ்ளோ நாள்ல காய்ச்சல் வரும்?"

"ஒரு வாரமாவது ஆகும். பத்து நாள்கூட ஆகலாம். ஏன்?"

"ஞாயித்துக்கிழமை கடிச்சா செவ்வாய்க்கிழமை வருமா?"

"வராது" என்றார், அடுத்த கட்டிலின் தாளைப் புரட்டிக்கொண்டே.

அப்போது கோயில் நினைவுக்கு வந்தது. ஷெட்டுக்குப் போன அந்த ஞாயிறு காலை, பூசையில் முழந்தாளிட்டபோது நாடா முடிச்சு அந்த இடத்தில் உறுத்தியது. கையை முந்தானைக்குள் விட்டு முடிச்சைக் கீழே தள்ளினேன். அப்போதே அங்கே பொருக்கு இருந்தது. விக்கிரவாண்டிப் புல்லை நான் அதுவரை மிதிக்கவே இல்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பாவாடையைக் கொடியிலேயே காயப்போடுங்கள், வெயில் படட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். டாக்டர் கேட்டால் எந்த இடத்துப் புண்ணாக இருந்தாலும் சொல்லுங்கள்.

எனக்கு அப்போது இவ்வளவு தெளிவு இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்தால் ஷெட்டுதான் குற்றவாளி, அவர் கடிதத்தை வாங்கிக்கொள்வார், மாதம் பிறந்தால் சம்பளம் வரும். நான் யாரையும் தடுக்கவில்லை, யாரிடமும் பொய்கூடச் சொல்லவில்லை. அன்று முழுக்க அப்படியே கிடந்தேன். ஒருவேளை கோயிலில் உறுத்தியது வேறு ஞாயிறோ, காய்ச்சலில் நான் குழப்பிக்கொள்கிறேனோ என்றுகூட எனக்கு நானே வாதாடினேன். ஆனால் அன்று கட்டிய பச்சைப் புடவை, மடியில் இனியா, பூசை முடிந்ததும் நேராக பைக்கில் ஏறியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

மறுநாள் அவர் சீக்கிரமே வந்துவிட்டார். முகம் மழித்து, ஷோரூம் சட்டையைப் போட்டிருந்தார். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"போயி லெட்டரை வாங்கிக்கினு வந்துடறேன்" என்றார். "இன்னிக்கு வுட்டா அப்பறம் முடியாது."

"கொஞ்சம் இருங்க" என்றேன். "என்னைக் கடிச்சது ஷெட்டுப் புல்லு இல்லீங்க."

"இன்னா?"

"நம்ம வீட்டுப் பின்பக்கம். செடி மேல காயப்போடறேனே, அதுல." எதை என்று சொல்ல வேண்டியிருந்தது. வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்ல முடிந்தது. "பாவாடை."

அண்ணியின் கை நின்றது. "அய்யய்யோ, நானும் அங்கதானடி போடுவேன்!" என்று எழுந்து, நின்ற இடத்திலேயே இடுப்பைத் தடவிப் பார்த்தார். அஞ்சலை அம்மா தன் கட்டிலிலிருந்து, "தளத்திப் பாரு, தளத்திப் பாரு" என்று குரல் கொடுத்தார்.

மற்ற கட்டில்களில் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டரம்மா சொன்னாங்களா?"

"நாள் கணக்கு நேத்து அவங்க சொன்னாங்க. மிச்சம் எனக்குத் தெரியும். ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, கோயில்ல முட்டி போடச் சொல்லவே உறுத்துச்சி."

"அப்ப நேத்தே ஏன் சொல்லல?"

"சொல்லாம இருந்தா நீங்க லெட்டரை வாங்கிடுவீங்கன்னுதான்."

கோபம் வந்தால் வரட்டும் என்று காத்திருந்தேன். "இப்ப ஏன் சொல்ற?" என்றார்.

"நீங்க பஸ்ல வர்றீங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"அப்ப கடை சரின்றியா? பயம் போயிடுச்சா?"

"போகல. அப்படியேதான் இருக்குது. சரி."

"நாளைக்குக் கவுந்துட்டா, அன்னிக்கே நெனச்சேன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன்."

"நான் காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா வந்து சொல்லிட்டுப் போறேன்" என்றார் அண்ணி.

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணிலும் நீர் வந்தது. அண்ணியின் கையிலிருந்து சாத்துக்குடியை வாங்கி, ஒரு சுளையை என் வாயில் வைத்து, இன்னொன்றைத் தான் போட்டுக்கொண்டார். கொடுக்கலாமா என்று நர்ஸைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தார். ஜன்னல் வெயில் அஞ்சலை அம்மாவின் கட்டிலைத் தாண்டி எங்கள் மேல் வந்தது, பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனது. அன்று மாதக் கடைசி. சாயங்காலம்வரை அவர் எங்கும் போகவில்லை.